கண்ணில் விரிந்த ஊமத்தை

தலைக்குச் சாயம் பூசுவதா, விட்டுவிடுவதா என்று கண்ணாடி முன்னால் நின்று யோசிக்கிற நிலைக்கு வந்துவிட்ட என் வயதுக்காரர்களே, உங்களில் எத்தனை பேர் ஊமத்தம் பூ விரிவதை உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள்? ரோஜா விரிவதை யாராலும் பார்க்க முடியாது. காலையில் போனால் விரிந்திருக்கும், அவ்வளவுதான். ஊமத்தை அப்படி இல்லை. பொழுது சாய்கிற நேரத்தில் அதன் முன்னால் அரை மணி நேரம் குந்தியிருந்தால் போதும். சுருட்டிக் கட்டிய குடை மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கும் வெள்ளை மொட்டு முதலில் லேசாக நடுங்கும். காற்றில் ஆடுகிறது என்று நினைப்போம், ஆனால் காற்று இருக்காது. அப்புறம் முறுக்கு தளரும். கடைசியில் ஒரு சின்ன உதறலோடு வாயைத் திறக்கும். ஒன்பது வயதில் எனக்கு அதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது.

மாவட்டத்தைப் பிரித்த புதிது அது. கலெக்டர் ஆபீஸ் இந்தப் பக்கம்தான் வரப்போகிறது என்று சொல்லிச் சொல்லி வேங்கிக்காலில் மனை விற்றுக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு ஆரணியிலிருந்து திருவண்ணாமலைக்கு மாற்றல். கிளார்க் சம்பளத்துக்கு டவுனில் வீடு அகப்படாமல் அங்கே வந்து சேர்ந்தோம். எங்கள் தெருவில் மொத்தம் நாலு வீடு. தெரு என்று சொல்வதே மரியாதைக்குத்தான். மீதியெல்லாம் கல் நட்ட மனைகள், பாதியில் நின்ற சுவர்கள், மணல் குவியல்கள். கொட்டிய மண்ணில் வேறு எதுவும் முளைக்காத இடத்திலெல்லாம் ஊமத்தை முளைத்திருந்தது. பகலில் அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அழுக்குக் கைக்குட்டை மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். மலைக்குப் பின்னால் வெளிச்சம் அணைகிற நேரத்தில் மட்டும் அந்த மனைகள் முழுக்க வெள்ளை வெள்ளையாக வாய் திறந்துகொள்ளும். கூட ஆள் இருந்தால் வேடிக்கை. தனியாக வரும்போது நான் எந்தப் பக்கமும் பார்க்காமல், என் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடிவருவேன்.

அந்த வருடம்தான் அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலை முதல் பஸ்ஸில், ஒரு துணிப்பையோடு வந்து வாசலில் நின்றாள். இடது கன்னம் வீங்கியிருந்தது.

"கெணத்தாண்ட வழுக்கி விழுந்துட்டேன் அண்ணி" என்றாள் அம்மாவிடம்.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்தான் காரணம் என்று இப்போது எனக்குப் புரிகிறது. அத்தை என் பாயில் என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். தூக்கத்தில் நான் காலைத் தூக்கிப் போட்டால் படக்கென்று எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்வாள். அப்புறம் நான்தான் என்று தெரிந்ததும் சிரித்துவிட்டு மறுபடி படுப்பாள்.

வீட்டில் சும்மா இருக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பாத்திரம், துணி, தண்ணீர் எல்லாம் அவள் தலையில். அதற்கு மேல் எனக்கு மை காய்ச்சிக் கொடுத்தாள். கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து உலர்த்திய துணியைத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் ஏற்றி, மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வைப்பாள். காலையில் தட்டில் படிந்திருக்கும் கரியைச் சுரண்டி எண்ணெயில் குழைத்து ஒரு தகர டப்பாவில் போட்டு வைப்பாள். தினம் படுக்கப் போகும்போது மோதிர விரலால் எனக்கு இழுத்துவிடுவாள். குளிர்ச்சியாக இருக்கும். அந்த விரல் என் இமையில் பட்டதும் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

ஒரு மாதம் கழித்து மாமா வந்தார். அத்தையின் புருஷன். வண்டி ஒரு மொபெட், சைலன்சர் உடைந்துபோனது. தெருமுனையில் திரும்பும்போதே அதன் கரகரப்பு கேட்டது. அத்தை அதைக் கேட்டதும் கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய் என்னையும் இழுத்துக்கொண்டாள். மாமா கெட்ட வார்த்தை பேசவில்லை, சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து காபி குடித்தார்.

"உங்க தங்கச்சிக்கு நான் இன்னா கொற வச்சேன் மச்சான்? நீங்களே கேட்டுப் பாருங்க. கோவம் கொஞ்சம் ஜாஸ்தி அவளுக்கு, வேற ஒண்ணுமில்ல. அடுத்த மாசம் வரேன். அதுக்குள்ள புத்தி சொல்லி வைங்க."

அப்பா தலையை ஆட்டினார். அடுப்படியில் அத்தையின் நகம் என் கையில் பதிந்து நாலு பிறை விழுந்திருந்தது. மாமா போன பிறகும் அவள் விடவில்லை.

அன்றைக்கு இரவு அம்மாவும் அப்பாவும் பேசியது எனக்குக் கேட்டது. இரண்டே அறை இருக்கிற வீட்டில் ரகசியம் என்று ஒன்று கிடையாது.

"எத்தன நாளைக்குங்க? பக்கத்து வீட்டுக்காரம்மா கேக்கறாங்க. நாளைக்கு நம்ம பொண்ணுக்கு ஒரு இடம் பாக்கறப்ப இதெல்லாம் வராதா?"

"சும்மா இருக்கறவள போன்னு எப்படிச் சொல்றது? கூடப் பொறந்தவ."

அத்தை என் பக்கத்தில் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தாள். நான் தூங்குவது போலக் கிடந்தேன். ஒன்பது வயதில் எனக்கு அம்மாவின் கணக்கு புரியவில்லை. அந்த மொபெட் மறுபடி வரும், அத்தை அதில் உட்கார்ந்து போவாள், போனால் செத்துவிடுவாள் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

எதிர் மனையில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் வாட்ச்மேனுக்கு என் வயதில் ஒரு மகள். ஊமத்தை விரிவதை எனக்குக் காட்டிக்கொடுத்தவள் அவள்தான். எந்த மொட்டு முதலில் விரியும் என்று பந்தயம் கட்டுவோம். அவள் எப்போதும் ஜெயிப்பாள். மொட்டை இரண்டு விரலால் மெல்லத் தேய்த்துத் தேய்த்துச் சூடேற்றினால் சீக்கிரம் விரியும் என்பது அவள் கண்டுபிடிப்பு. உண்மையா என்று தெரியாது, ஆனால் நானும் தேய்ப்பேன். விரல் பிசுபிசுக்கும். ஒரு பச்சை நாற்றம் நகத்தில் ஏறிக்கொள்ளும்.

என் பயத்தை அவளிடம் சொன்னேன். அவள் பெரிய மனுஷி மாதிரி யோசித்தாள்.

"நாள மறுநாளு பிரதோஷம். விரிஞ்ச ஊமத்தம்பூ ஒண்ணு கொண்டும்போய் சாமிக்குக் குடு. வாடக் கூடாது. மொட்டு குடுத்தா சாமி எடுத்துக்காது. விரிஞ்சத குடுத்துட்டு இன்னா கேட்டாலும் நடக்கும்."

"காலைல பறிச்சா வாடிடுமேடி."

"அதான் நாளிக்கி சாயங்காலமே பறிச்சி ஈரத்துணில சுத்தி வச்சிடு."

இங்கேதான் சிக்கல். விளக்கு வைத்த பிறகு செடியைத் தொடக்கூடாது, பூப் பறிக்கக்கூடாது என்பது உங்கள் வீட்டில் எப்படியோ, எங்கள் வீட்டில் சட்டம். "தூங்கற செடியக் கிள்ளினா, நீ தூங்கறப்ப அது வந்து உன்னக் கிள்ளும்" என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். ஆனால் ஊமத்தை விளக்கு வைக்கிற நேரத்தில்தான் விரிகிறது. விரிந்ததைப் பறித்தால் பாவம். பறிக்காவிட்டால் அத்தை போய்விடுவாள். மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்க எனக்கு இதே யோசனை. கடைசியில் எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்: இந்தச் செடி தூங்கவில்லையே, இப்போதுதானே விழிக்கிறது?

அன்று சாயங்காலம் வாட்ச்மேன் மகள் வரவில்லை. தனியாகப் போனேன். மணல் மேட்டுக்குப் பின்னால் இருந்ததிலேயே பெரிய மொட்டாகப் பார்த்து உட்கார்ந்தேன். அது விரிவதாக இல்லை. இருட்டிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டு ஜன்னலில் விளக்கு தெரிந்தது. நான் மொட்டைத் தேய்த்தேன், கெஞ்சினேன், மறுபடி தேய்த்தேன். தூரத்தில் ஏதோ வண்டிச் சத்தம். மாமாவின் மொபெட்தான் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துப் பூ விரிந்தது. அதன் வாய்க்குள் வெண்மையாக, ஆழமாக, முடிவே தெரியாமல் இருந்தது. பெரிய அந்துப்பூச்சி ஒன்று என் காதை உரசிக்கொண்டு வந்து அதற்குள் தலையை விட்டது. நான் அலறிக்கொண்டு காம்பைத் திருகிப் பிடுங்கினேன். காம்பு சுலபமாக வரவில்லை, கசக்கிப் பிய்க்க வேண்டியிருந்தது. ஓடும்போது மணலில் தடுக்கி விழுந்தேன். வலது கண்ணில் மண் விழுந்துவிட்டது. சாறு ஒட்டிய அதே கையால் தேய் தேய் என்று தேய்த்தேன்.

பூவை ஈரத்துணியில் சுற்றி ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்தேன். அத்தை வழக்கம் போல மை இழுத்துவிட்டாள். "கண்ணு ஏன் செவந்திருக்கு?" என்று கேட்டாள். மண் என்றேன். அது பொய் இல்லை.

மறுநாள் காலை தலை பின்னி முடித்து, பொட்டு வைக்க என் முகத்தைத் திருப்பிய அத்தையின் கை அப்படியே நின்றது.

"வெளிச்சத்துக்கு வா" என்றாள். குரல் மாறியிருந்தது. "அண்ணி! இங்க வாங்களேன், அண்ணி!"

கண்ணாடியில் பார்த்தேன். என் இடது கண் என் கண்ணாக இருந்தது. வலது கண்ணில் நடுவில் இருக்கும் கருப்பு வட்டம் பெரிதாக விரிந்து, பழுப்பு நிறத்தையெல்லாம் தின்றுவிட்டு, ஓரத்தில் ஒரு நூல் மட்டும் மிச்சம் வைத்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் அந்தக் கண்ணில் ஊசியாகக் குத்தியது. புத்தகத்தை எடுத்து அந்தக் கண்ணால் மட்டும் பார்த்தால் எழுத்தெல்லாம் கரைந்து ஓடின.

எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. பூ என் கண்ணுக்குள் போய் விரிந்திருக்கிறது. விளக்கு வைத்த பிறகு பறித்ததற்கு அது பழி வாங்குகிறது. இன்று சாயங்காலம் இன்னும் கொஞ்சம் விரியும். நாளைக்கு அந்த நூலும் போய்விடும். அப்புறம் அடுத்த கண். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து பார்த்தேன். பூ கன்னங்கரேலென்று சுருண்டு கிடந்தது. எடுத்துக்கொண்டுபோய்க் கக்கூசில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

பஜாரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் டார்ச் அடித்தார், அணைத்தார், மறுபடி அடித்தார்.

"தலைல அடி கிடி பட்டுச்சா? கீழ விழுந்தியா? ஏதாவது செடி, பால், சாறு கண்ணுல பட்டுச்சா?"

கேள்வி என்னைப் பார்த்துத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"வீட்ல செடியே கெடையாதுங்க. இவங்க அத்தை ஒரு மை காச்சி தினம் போடறா. அதுல என்னத்தக் கலக்கறாளோ."

டாக்டர் என்னைப் பார்த்தார். "ஏம்மா, செடி எதனா தொட்டியா?"

அப்பாவின் கை என் தோளில் இருந்தது. "இல்ல" என்றேன்.

"மைய நிறுத்துங்க. நாலு நாள்ல சரியாவலன்னா வேலூருக்குக் கொண்டும்போங்க. தலைக்குள்ள எதனா இருக்கான்னு பாத்துடணும்."

தலைக்குள்ளே. எனக்கு அங்கேயே காய்ச்சல் வந்துவிட்டது. தலைக்குள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு மட்டும்தானே தெரியும்? வேர்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தகர டப்பாவை எடுத்து வாசலில் வீசினாள். "என் பொண்ணு கண்ணு போச்சுன்னா நீ குடுப்பியா?" என்று கத்தினாள். அத்தை தெருவில் இறங்கி டப்பாவைப் பொறுக்கிக்கொண்டு, மூடியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள். அன்று முதல் என் பாயை அம்மா உள் அறைக்கு எடுத்துப்போய்விட்டாள். அத்தை அடுப்படியில் படுத்தாள். அதற்கப்புறம் அவள் என்னைத் தொடவில்லை. தன் விரலைத் தானே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டாள்.

அம்மா கெட்டவள் இல்லை. பிள்ளைக்குக் கண் போய்விடும் என்று நடுங்கிப்போனவள். அந்த நடுக்கத்துக்கு ஒரு முகவரி வேண்டியிருந்தது, வீட்டில் அத்தை இருந்தாள். இரண்டு கண்ணுக்கும் இழுத்த மை ஒரு கண்ணை மட்டும் எப்படி விரிக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஊமத்தங்காயைத் தின்றால் பைத்தியம் பிடிக்கும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதன் சாறு கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மூன்று நாள் நான் சாயங்காலங்களைப் பார்த்து நடுங்கினேன். வெளிச்சம் குறையக் குறைய இரண்டு கண்ணுமே கருக்கும், அது இயற்கை. எனக்கு அது தெரியாது. கண்ணாடி முன்னால் நின்று, இதோ விரிகிறது, இதோ விரிகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா வந்து இழுத்துப் போனால்தான் நகர்வேன். நான்காவது நாள் என்னால் முடியவில்லை. நான் குருடாகப் போவதானால் போகட்டும், அத்தை மேல் பழி வேண்டாம் என்று நினைத்தேன். பெரிய தியாகி என்று நினைத்துவிடாதீர்கள். சொல்லிவிட்டால் பூ என்னை விட்டுவிடும் என்ற ஆசையும் இருந்தது.

அப்பா ஆபீஸ் விட்டு சைக்கிளில் வருகிற வழியில், மணல் மேட்டோரம் நின்றுகொண்டேன். அடி விழும் என்று தெரியும். அப்பாவின் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பிரதோஷம், மொட்டு, தேய்த்தது, விழுந்தது, கண்ணைக் கசக்கியது எல்லாம்.

அப்பா சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார். குனிந்து பக்கத்துச் செடியில் ஒரு இலையைக் கிள்ளி, அந்தச் சாற்றை முகர்ந்து பார்த்தார்.

"இதுவா பட்டுச்சு கண்ணுல?"

"ஆமாம்ப்பா."

"அப்ப இது வெஷம். தன்னால எறங்கிடும்" என்றார். அவர் முகத்தில் உயிர் வந்ததை நான் பார்த்தேன். வேலூர் பயம் அவருக்கும் இருந்திருக்கிறது. கைக்குட்டையால் என் மூக்கைத் துடைத்துவிட்டார்.

"அப்ப அத்தையோட மையால இல்லதானப்பா?"

"இல்ல."

"அப்ப அத்தை போக வேணாமில்ல?"

அப்பா வீட்டுப் பக்கம் பார்த்தார். வாசலில் அம்மா கோலப்பொடி டப்பாவோடு நின்றிருந்தாள்.

"மாமாவுக்கு லெட்டர் போட்டாச்சு. ஞாயித்துக்கிழம வரார்" என்றார். அப்புறம் என் உயரத்துக்குக் குந்திக்கொண்டு, அவர் என்னிடம் எப்போதும் பேசாத ஒரு மெல்லிய குரலில் சொன்னார். "இத அம்மா கிட்ட சொல்லாத. அத்தை கிட்டயும் சொல்லாத. என் கிட்ட சொல்லிட்ட இல்ல, அது போதும். என் செல்லம் இல்ல?"

அடி விழவில்லை. சைக்கிள் பாரில் உட்காரவைத்து முக்குக் கடைக்குக் கூட்டிப்போய் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். அதைத் தின்றுகொண்டு திரும்பி வந்தபோது, அதுவரைக்கும் எந்த ஊமத்தையிடமும் படாத பயம் எனக்கு அப்பாவின் முழங்கைகளுக்கு நடுவே வந்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை. அவருக்கு என் பொய் தேவைப்பட்டது என்பதை ஒரு வயதுக்கு மேல்தான் விளங்கிக்கொண்டேன். கூடப் பிறந்தவளைப் போ என்று சொல்ல அவருக்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது. அதை நான் பிடுங்க வந்தேன், அவர் விடவில்லை. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனாலும் இதை எழுதும்போது எனக்கு அவர் மேல் கோபம் வருகிறது, மறைத்துப் பிரயோஜனம் இல்லை.

அத்தை சாகவில்லை. நான் பயந்தபடி நடக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவளுக்கு ஒரு காது கேட்காது. கல்யாணம் காட்சிகளில் பார்க்கும்போது நல்ல காது இருக்கிற பக்கமாக வந்து உட்காரச் சொல்வாள். அந்தக் காது எப்போது போனது, எப்படிப் போனது என்று எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. என் மகனுக்குக் கண்ணாடி போட ஒரு கண் டாக்டரிடம் போனபோது பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, ஊமத்தைச் சாறு பட்டால் கண்மணி நாலைந்து நாள் அப்படித்தான் விரிந்து நிற்கும், கிராமத்துப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வருவது என்றார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அன்று அத்தைக்குப் போன் செய்ய எண்களை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். என்னவென்று சொல்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா பதினோரு மணிக்கே வந்துவிட்டார். என் கண்ணில் வட்டம் பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. மொபெட் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது, அவர் அதை அணைக்கக்கூட இல்லை. அத்தை துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அம்மாவிடம் சொல்லிக்கொண்டாள், அப்பாவின் காலைத் தொட்டாள். அப்பா, "ஒழுங்கா இரும்மா" என்றார். அப்புறம் அவள் என் முன்னால் வந்து குந்தினாள். தொடலாமா என்று அம்மாவை ஒரு தரம் பார்த்துவிட்டு என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"கொறஞ்சிடுச்சு, இல்ல?" என்றாள். "அத்தை வேணும்னு பண்ணல கண்ணு. அதுல இன்னா சேந்துதுன்னு எனக்கே தெரியல. உனக்கு மட்டும் எதனா ஆயிருந்தா நான் உயிரோட இருந்திருக்க மாட்டேன். என்ன மன்னிச்சிடுடி."

அவள் தலைக்கு மேலே அப்பா நின்றிருந்தார். அவர் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவால்ல அத்தை" என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. என் நெற்றியில் முத்தம் கொடுத்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போய் வண்டியில் உட்கார்ந்தாள்.